வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கப் போனோம்

பத்தொன்பது நாளில் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் பயிற்சி மையத்தில் நான் வேலை ஆலோசகராக இருக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் படித்ததையும் அவர்களுடைய ஆர்வத்தையும் கேட்டு, எங்களிடம் ஆள் கேட்டிருக்கும் நிறுவனங்களில் பொருத்தமான ஒன்றுக்கு அனுப்பி வைப்பது என் பொறுப்பு. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அப்போது ஆறு வருடம் முடிந்திருந்தது. யாருக்கு எந்த வேலை ஒத்துப்போகும் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

இந்தப் பெண்ணுக்கும் அரை மணி நேரம்தான் எடுத்துக்கொண்டேன். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமம் அவளுடையது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். அவள் வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தாள். மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நான் அவளுடைய கோப்பில் "அமைதியான பெண்" என்று எழுதினேன். அதே வாரம் மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு ஆலையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். வேதியியல் படித்த அமைதியான பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூட வந்திருந்த அவளுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வெயிலில் நிற்க வேண்டியிருக்குமா என்று. முழுக்க ஏசி அறை என்று நான் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, நானே அந்த அறையைக் கட்டிக் கொடுத்தது மாதிரி பூரித்துப்போனேன்.

அப்படிப்பட்ட வேலையைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள். யாராவது தொந்தரவு கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். வேலை கஷ்டமா, திட்டினார்களா, சம்பளத்தில் ஏதாவது குறையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொன்னாள். பிறகு என்னதான் பிரச்சினை என்று குரலை உயர்த்தியதும்தான் சொன்னாள்.

"அந்த ரூம்புல ஜன்னலே இல்ல மேடம். ஒரு நாளு ஷிப்ட் முடிஞ்சி வெளிய வர்றேன், ரோடு முழுக்க தண்ணி நிக்குது. மழ பேஞ்சி விட்டிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல."

இதெல்லாம் ஒரு காரணமா என்று ஆரம்பித்து நான் நிறையப் பேசினேன். ஒரு இடத்தில் பொறுத்து நிற்பதைப் பற்றியும், அவளை நம்பி அந்த ஆலைக்கு வாக்குக் கொடுத்த என் நிலைமையைப் பற்றியும், இந்த வேலைக்குக் காத்திருந்த மற்றவர்களைப் பற்றியும் பேசினேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அந்த ரூம்ப பாத்திருக்கீங்களா மேடம்?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பார்த்ததில்லை. தினமும் காலையும் மாலையும் என் பஸ் அந்த ஆலையைத் தாண்டித்தான் போகிறது. ஆறு வருடமாக அதன் சுற்றுச்சுவரையும் வாசலில் நிற்கும் காவலாளியையும் பார்த்திருக்கிறேன். உள்ளே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருநாளும் இறங்கிப் போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை. வேலையின் பெயர், தகுதி, சம்பளம், நேரம் என்று நாலு கட்டம் போட்ட ஒரு தாள் என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே எல்லாருடைய எதிர்காலத்தையும் பேசிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் அப்போது எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னை விடவில்லை. மூன்றாம் நாள் அந்த ஆலையின் பணியாளர் பிரிவுக்குப் போன் செய்து, ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். எதற்கு என்று அந்த அதிகாரி இரண்டு முறை கேட்டார். ஆள் அனுப்புகிற மையங்களிலிருந்து வருகிறவர்கள் வாசலருகே இருக்கும் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்களாம். ஆய்வுக்கூடத்துக்குள் போக வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லையாம். ஆனாலும் அனுமதி கொடுத்தார்.

போனை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளைக் கோட்டும் செருப்புக்கு உறையும் கொடுத்தார்கள். அறை படு சுத்தமாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் இன்னும் காலியாகத்தான் இருந்தது. நான் அதில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு உட்கார்ந்தேன். இரண்டு மூலைகளில் இரண்டு பேர் அவரவர் கருவிக்கு முன்னால் இருந்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஏசியின் ரீங்காரம் மட்டும் விடாமல் கேட்டது. அரை மணி நேரத்தில் யாரிடமாவது எதையாவது பேச வேண்டும் போல இருந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது வெளியே வெயிலா மேகமா என்று எழுந்து போய்ப் பார்க்கும் ஆசை வந்தது. வலை பிரிக்கும் சத்தமும் ஏலக் குரலும் அலையுமாக இருக்கும் ஊரிலிருந்து வந்தவள் இங்கே பத்தொன்பது நாள் இருந்திருக்கிறாள். அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள் என்பதைத் தவிர, அவளுடைய அமைதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

கிளம்பும்போது, மூலையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் கை கழுவ எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கீரப்பாளையம் பக்கத்து ஆள். இந்த அறையிலேயே பன்னிரண்டு வருடமாக இருக்கிறாராம். எப்படி முடிகிறது என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

"எங்க வூட்டுக்கு ஒட்டுனாப்புல ரைஸ் மில்லு மேடம். பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தம்தான். வூட்லயும் ஆளுங்க ஜாஸ்தி. இங்க வந்து ஒக்காந்தாதான் எனக்குத் தல லேசாவுது" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரு குறையும் இல்லை. அதே அறையில் அவருக்கு நிம்மதி, அவளுக்கு மூச்சுமுட்டல். அந்தப் பெண்ணிடமும் குறை இல்லை. இரண்டையும் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் சேர்த்து வைத்தது நான்தான்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, நான் போய்ப் பார்த்ததைச் சொல்லி, அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவளுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தை இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். மையத்தின் பொறுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பெண்ணுக்காக ஆலோசகர் ஊர் ஊராகச் சுற்றினால் மற்றவர்களை யார் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் விடுமுறைச் சனிக்கிழமைகளில் போகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

முதலில் அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்குப் போனோம். தரம் பார்க்கும் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பண்ருட்டியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். ஆலைக்குள் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. நான் மேலாளரிடம் வேலை நேரத்தையும் விடுப்பையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது அவள் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், உடம்பு முடியவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலாளர் எனக்குச் சொல்லாத பலதை அந்தப் பெண்கள் அவளுக்குச் சொன்னார்கள். "அமைதியான பெண்" என்று நான் எழுதியவள்தான். அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கொட்டை வறுக்கும் கொட்டகைப் பக்கம் போனதும் இருமல் வந்தது. சின்ன வயதில் வீசிங் இருந்ததாம். திரும்பும் வழியெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்த இடத்தை அவளே வேண்டாம் என்றாள்.

அடுத்து சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடம். மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஜன்னலும் இருந்தது. ஆனால் வாரம் விட்டு வாரம் ஷிப்ட் இரவு ஒன்பது மணிக்கு முடியும். அவளுடைய கிராமத்துக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். இதை என்னுடைய தாளில் எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை. வெளியே வந்ததும் ஒரு நோட்டு வாங்கி, அவள் கேட்ட கேள்விகளையும் நாங்கள் பார்த்தவற்றையும் எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவதாக சேத்தியாத்தோப்பில் ஒரு பால் குளிரூட்டு நிலையத்துக்குப் போனோம். அங்கே போன பிறகுதான், முந்தின நாளே வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. உச்சி வெயில். பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்துக்கு எதிரே ஒரு குடிநீர்த் தொட்டி இருந்தது. அதன் குழாயடியில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தி, ஐஸ் பெட்டியைத் திறந்து, சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஒரு பொடியைப் போட்டுச் சிவப்பாக்கி, அதில் ஏதோ சொட்டு சொட்டாக விட்டு ஆட்டினார். சிவப்பாக இருந்த தண்ணீர் மெதுவாக நீலமானது. குடத்தோடு நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உப்பு, கடினத்தன்மை பாக்குறாங்க மேடம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் சாலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

எங்கள் பஸ் வந்தது. கூப்பிட வாய் எடுத்தேன். அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்த கண்ணாடிக் குழாயை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போன பிறகுதான் வந்தாள். கன்னம் சிவந்து, வேர்வையில் நனைந்து, மூச்சு விடாமல் பேசினாள். கடலூரில் இருக்கும் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் களப்பணியாம் அது. மாவட்டம் முழுக்க ஊர் ஊராகப் போய் மாதிரி எடுக்க வேண்டுமாம். ஆள் தேவையாம், வருகிறவர்கள் நிற்பதில்லையாம். ஏன் நிற்பதில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தாள்: வெயில், அலைச்சல், சில ஊர்களில் வரவேற்பு சரியாக இருக்காது.

நான் அந்தக் கூடத்தின் அதிகாரியைப் பார்த்தேன். இவளும் இரண்டு மாதத்தில் போய்விடுவாள் என்று அவர் சந்தேகப்பட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐந்து நாள் அந்த சேத்தியாத்தோப்புப் பெண்ணோடு சுற்றி வரட்டும், அதற்கப்புறம் இரண்டு பக்கமும் முடிவு செய்யலாம் என்று கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொன்னாலும், சரி என்றார்.

அடுத்த நாள் அவளுடைய அம்மா மாடி ஏறி வந்தார். மீன் விற்று முடித்த காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"ஏசி ரூம்புன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க. இப்ப நீங்களே வெயில்ல சுத்துற வேலைக்கு அனுப்புறீங்க. வெயில்ல நிக்கறதுக்கு எங்க வூட்ல நா ஒருத்தி போதாதா? அதுக்கா படிக்க வெச்சோம்?"

அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். வெயில் எப்படி இருக்கும் என்று அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஏசி என்று நான் சொன்னது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். இந்த வேலை நல்லது என்றும் இப்போது நான் சொல்லப்போவதில்லை, வியாழக்கிழமை நான் லீவு போடுகிறேன், காலையில் சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு வாருங்கள், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வேறு தேடலாம் என்றேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஆனால் வியாழக்கிழமை பஸ் நிலையத்தில், நல்ல புடவை கட்டி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

அன்று அவளுக்குக் கீரப்பாளையத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேலை. நாற்று நட்டு முடித்து வயல்கள் பச்சை பிடித்திருந்தன. நாங்கள் வருவது அவளுக்குத் தெரியாது. குழாயடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புங்க மரத்தடியில் நின்றோம். சேத்தியாத்தோப்புப் பெண் ஒதுங்கி நின்றுகொண்டு, அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடமே விட்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பெண்கள். ஒருவர் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்கிறார். இன்னொருவர் எங்கள் வீட்டு போர் தண்ணீரையும் பார் என்று சொம்பில் கொண்டு வருகிறார். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறாள். சொட்டை எண்ணும்போது மட்டும் கையைத் தூக்கி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்கிறாள். அவர்களும் பேசாமல் இருக்கிறார்கள். நிறம் மாறியதும் அது என்ன என்று விளக்குகிறாள். குடிக்கலாமா கூடாதா என்று ஒரு பெரியவர் அடம்பிடித்துக் கேட்க, கூடத்தில் முழுப் பரிசோதனை முடியாமல் சொல்ல மாட்டேன் என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்கிறாள்.

அந்த அம்மா வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இது இவ்ளோ பேசுமா டீச்சர்? வூட்ல வாயே தொறக்காதே."

எனக்கும் முதலில் தெரியாது என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவளுடைய முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. அம்மா கிட்டே போய், மகளின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டார். சிதம்பரத்துக்குத் திரும்பியதும் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், முழுக்கை வைத்த பருத்திச் சட்டை இரண்டும் அகல விளிம்புத் தொப்பி ஒன்றும் வாங்கினார். தொப்பி மட்டும் நான்கு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது.

சனிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. முதல் கோடையில் ஒரு ஊரில் மயங்கி விழுந்தாள். இன்னொரு ஊரில், உங்கள் ரிப்போர்ட்டால் எங்கள் ஊர் பெயர் கெட்டுப்போகிறது என்று ஒருவர் வழியை மறித்துச் சத்தம் போட்டார். அன்று போனில் அழுதாள். விட்டுவிடப் போகிறாயா என்று பயந்துகொண்டே கேட்டேன். நாளைக்கு அதே ஊரில் இன்னும் மூன்று மாதிரி எடுக்க வேண்டும், எனக்கு வேலை பழக்கிய அக்காவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். போனாள். மூன்றாவது வருடம் நடக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு இப்போது தனியாகப் போகிறாள்.

எங்கள் மையத்தில் அந்த நாலு கட்டத் தாளோடு இப்போது இன்னொரு தாளும் இருக்கிறது. இடம் எப்படி இருக்கும், சத்தமா, சூடா, நாற்றமா, கூட யார் இருப்பார்கள், எங்கே சாப்பிடுவது, திரும்ப பஸ் உண்டா என்று அதில் எழுத வேண்டும். போய்ப் பார்க்காமல் எழுதக் கூடாது. பொறுப்பாளர் மாதத்தில் ஒருநாளை இதற்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். வேலையை விட்டுத் திரும்பி வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்பதை அவரே கவனித்துச் சொன்னார். சில மாதங்களில் அவரும் எங்களோடு பஸ் ஏறுகிறார்.

போன மாதம், புதிதாக வந்திருக்கும் மாணவர்களிடம் பேச அவளை அழைத்திருந்தேன். வேலையைப் பற்றி விவரமாகச் சொல்லி முடித்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்பாள் என்று நினைத்தேன்.

"மே மாசத்துல புடிக்கல. மத்த மாசத்துல புடிச்சிருக்கு" என்றாள்.

அறையே சிரித்தது. பார்க்க விருப்பமிருந்தால் திங்கட்கிழமை தன்னோடு ஒருவர் வரலாம், வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்று சொன்னாள். மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். யார் முதலில் போவது என்று அவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.